முப்பது நாளும் என்ன சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். குசினியில் நோன்புக் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் பதினைந்து வயது மகள் பர்ஹாவும் அவள் சிநேகிதி நுஸ்லாவும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நுஸ்லா வந்து நின்றாள்.

"மாமி, பர்ஹாக்கு மேலெல்லாம் நடுங்குது. நோம்பு தொறக்க ரெண்டு மூணு மணித்தியாலந்தானே, தாங்கு எண்டன். கதைக்காம இரிக்கா."

நோன்பா?

பர்ஹாவுக்குச் சீனி வருத்தம். சுனாமிக்கு அடுத்த வருடத்திலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி, உயிருக்கே ஆபத்து. நோன்பு வேண்டாம் என்று டொக்டரும் சொன்னார், மௌலவியும் சொன்னார். நான் மூடிவைத்த பகல் சோறு... இரண்டு நாளாகக் கோழிகளுக்குப் போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

ஓடினேன். அவள் உடம்பெல்லாம் வியர்வை. என்னையே யாரென்று தெரியாத பார்வை. சீனித் தண்ணீரை அவள் வாயருகே கொண்டுபோனால் — நுஸ்லா என் கையைப் பிடிக்கிறாள்.

"மாமி, நோம்பு முறிஞ்சிரும்."

அவளைக் கோபிக்க முடியுமா? அவளுக்கு எதுவுமே தெரியாது. கையை உதறிவிட்டு, மிடறு மிடறாகப் பருக்கினேன். கடல் வந்த அன்று நான் இழுத்துக்கொண்டு ஓடிய பிள்ளை. யுத்தமும் முடிந்தது, இனி என்ன பயம் என்று இருந்தேனே...

கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ வருவதற்குள் கண் தெளிந்தாள். அப்போதுதான் எனக்குக் கோபமே வந்தது.

"மவுத்தாகியிருப்பாய், உசிரே போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும். மத்தப் பொம்புளப் புள்ளைகள் மாசத்துல வாற அந்த அஞ்சாறு நாள் நோம்ப விடுவாங்க, ஆரும் கேக்கமாட்டாங்க. நான் முப்பது நாளும் என்னத்தச் சொல்லுற உம்மா? நீங்கதானே ஆருக்கும் சொல்லிராத எண்டீங்க?"

ஓம். நான்தான் சொன்னேன். நாளைக்கு அவளைக் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை என்கிறோம். யார் சொன்னது? பயம் நிறையவே இருக்கிறது — சாவைப் பற்றியல்ல, கூட்டத்தில் தனித்துப் போவதைப் பற்றி. என் வீட்டில் அந்தப் பயத்தை ஊட்டி, வாய்ப்பூட்டும் போட்டது நான்தான். வெட்கமாக இருக்கிறது.

நுஸ்லாவிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னோம். இப்போது பகல் பன்னிரண்டுக்கு, தன் நோன்போடு வந்து உட்காருகிறாள். பர்ஹா சாப்பிட்டு முடிக்கும் வரை கோழிகளை விரட்டுகிறாள்.

இதை எழுதலாமா என்று பர்ஹாவிடம் கேட்டேன்.

"எழுதுங்க. பேரையும் போடுங்க."

போட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரும் பத்திரிகை வாசிப்பார்கள்தானே.