அக்காவின் புத்தகப் பட்டியலும் அதில் இருந்த பெயர்களும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களாகிய நீங்கள் இதில் நல்ல வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். அக்காவைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவேன். எங்களைப் பற்றி அப்படி எழுத என்னால் முடியாது.

அக்கா சாம்பல்தீவில் பிறந்தவர். இளவயதிலேயே இடம்பெயர்ந்து திருகோணமலை நகருக்கு வந்து, கூட்டுறவுச் சங்கமொன்றின் களஞ்சியத்தில் வேலை செய்தார். மற்றப் பெண்கள் சேலை வாங்கும்போது அவர் புத்தகம் வாங்கினார். இரண்டு அலுமாரிகள் நிறைந்து, கட்டிலுக்குக் கீழேயும் அடுக்க வேண்டி வந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவின் தம்பியான மாமா, "இந்தக் குப்பையளை வித்துப்போடலாம்" என்றார். அக்கா அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றுவிட்டார். பிறகு கலியாணம் செய்யவுமில்லை.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், புத்தகங்களை இணையத்தில் பட்டியலிடலாம் என்று வெளிநாட்டுச் சிநேகிதி ஒருவர் எழுதினார். அன்று முதல் ஞாயிறுதோறும் பை நிறையப் புத்தகங்களுடன், கிண்ணியாவைச் சேர்ந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் நடத்திய இன்டர்நெட் கடைக்கு அக்கா போவார். புத்தகத்தின் பெயர், எழுதியவர், வாங்கிய கடை, கடைசியில் இரவல் கொண்டுபோனவரின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பதிவார். "எல்லாருக்கும் தெரியட்டும். அப்பதான் திருப்பித் தருவினம்" என்று சிரிப்பார்.

மூதூர்ப் பக்கம் மீண்டும் ஷெல் விழத் தொடங்கியது. நகரில் இராணுவச் சுற்றிவளைப்புகள். வீட்டில் வைத்திருக்கப் பயப்பட வேண்டிய புத்தகங்களும் சில அந்தப் பட்டியலில் இருந்தன. தானும் ஒரு புத்தகம் இரவல் கொண்டுபோயிருந்த மாமா வந்து முற்றத்தில் நின்று கத்தினார். "என்ர பேரை ஏன் இன்டர்நெட்டில போட்டனீ? எங்களையும் சாகக் குடுக்கவோ?"

அக்கா, ஊரடங்கு தளர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டி நானாவின் கடைக்குப் போனார். நானா கதவைப் பாதி சாத்திவிட்டு ஜெனரேட்டரைப் போட்டுக் கொடுத்தார். இரவல் கொண்டுபோன பதினான்கு பேரின் பெயர்களை அக்கா ஒவ்வொன்றாக அழித்தார்.

அடுத்த கிழமை, சோதனைக்கு வந்தவர்களின் கையில் மாமா வீட்டில் அக்காவின் பெயர் குத்திய புத்தகம் ஒன்று அகப்பட்டது. மாமா என்ன சொன்னார் என்பதை மாமியே பிறகு எனக்குச் சொன்னார். "இது என்ர இல்லை. மருமகள் கொண்டுவந்து வச்சவ. இன்டர்நெட்டிலயும் போட்டிருக்கிறா, பாருங்கோ."

அன்று மத்தியானமே அக்காவைக் கொண்டுபோனார்கள். வேறு யார் வாசித்தது என்று கேட்டபோதெல்லாம், "ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. எல்லாம் நான்தான் வாசிச்சனான்" என்றே தடுப்பில் இருந்த எட்டு மாதமும் சொல்லியிருக்கிறார். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூட எங்கள் படலையைத் திறந்து வரவில்லை.

நானும் யோக்கியம் இல்லை. அக்காவைக் கொண்டுபோன மறுநாள், அத்தனை புத்தகங்களையும் பின்வளவில் போட்டு எரித்தேன்.

திரும்பி வந்த அக்கா வெறும் அலுமாரியைத் திறந்து பார்த்தார். "எங்கையடி?"

"பயத்தில எரிச்சுப்போட்டன், அக்கா."

அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்னை நானாவின் கடைக்குக் கூட்டிப்போய்க் கணினிக்கு முன்னால் இருத்தினார். "எரிச்சது நீ. நீயே பதி." ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே 'எரிக்கப்பட்டது' என்று தட்டினேன். ஐந்து ஞாயிறுகள். அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு வரியும் தவறாமல் பார்த்தார். இரவல் போனவற்றுக்கு எதிரே 'வரவேண்டும்' என்று போடச் சொன்னார். இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் மாமா பார்க்க வந்தார். அக்கா கண்களை மூடிக்கொண்டார். "போயிட்டாரோ?" என்று கேட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அந்த எட்டு மாதமும், அக்காவுக்கு உடுப்பும் சாப்பாடும் கொண்டுபோக என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிச் சென்ற நானாவுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள்.

போன கிழமை மாமா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அந்தக் கஷ்ட காலத்தில மாமா பக்கத்தில நிண்டவர் எண்டு ஒரு வசனம் போட்டுவிடு. நாலு பேர் வாசிக்கிற மலர்."

"ஓம் மாமா, போடுறன்" என்றேன்.

மாமா, நீங்கள் நின்ற இடத்தைப் போட்டிருக்கிறேன்.