பேசாமல் போன சைக்கிள்கள்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரே இருபத்தைந்து பைசா டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கூட்டத்தோடு போவது என்று புரியாமல் நின்றேன். தொழிற்பேட்டை புதிதாக எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. பேட்டையில் வேலை பார்க்கும் ஃபிட்டர்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தார்கள். நான் அதில் சேர்ந்து அன்றுதான் முதல் சவாரி.

இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று சென்னை ரோட்டில் தெற்கே பறந்து, சோழவரத்துக் கார்ப் பந்தயத் திடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். மற்றது அதே ரோட்டில் தச்சூர் கூட்டுரோடு வரை போய், கிழக்கே திரும்பி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகும். அது முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் அவசரம் கிடையாது. ஏரிக்கரையில் மீன் வறுவல் உண்டு.

எனக்கு ஆசை சோழவரத்தின் மேல்தான். நெஞ்சில் நீர் கோத்து ஆறு மாதம் படுத்துக் கிடந்தவனுக்கு ஆசையில் என்ன குறைச்சல்? சங்கத்துச் செயலாளர் வேலாயுதம் லேத்தில் வேலை பார்ப்பவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணாத்தே, கணக்கு ஒண்ணுதான். பெடல் மிதிக்கசொல்லோ உன்னால பேச முடியுதா? அது உன் கூட்டம். பேச முடியலயா, அது வேற எவன் கூட்டமோ. நீ எங்களோட பழவேற்காடு வா."

டாக்டர் சொன்னதும் இதையேதான். என் மனைவி சரோஜா அதை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "மூச்சு வாங்கிச்சுன்னா அங்கியே எறங்கிடணும். போன மாரியே ஊடு வந்து சேரணும். இல்லாங்காட்டி சைக்கிளை வித்துப்புடுவேன்" என்று சொல்லித்தான் கதவைத் திறந்துவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

கவரைப்பேட்டை தாண்டியதும் என் செயின் கழன்றது. "நீங்க போய்க்கினே இருங்க, தச்சூர் டீக்கடைல பிடிச்சுக்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டேன். செயினை மாட்டி நிமிர்ந்தபோது சாலையைக் காணவில்லை. பனி இறங்கியிருந்தது. டைனமோ விளக்கு முன் சக்கரத்தைக் காட்டியதோடு சரி. லாரிகள் அருகில் வந்த பிறகுதான் லாரிகள் என்று தெரிந்தது.

தச்சூர் கூட்டுரோட்டில் டீக்கடை எங்கே இருக்கிறது என்றே புலப்படவில்லை. ஆனால் பொன்னேரிப் பக்கம் மட்கார்டுகள் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. நம்மவர்கள்தான் என்று சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் பிடித்துவிட்டேன். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர், தலையில் துண்டு கட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் சரியாக ஒரு சைக்கிள் அளவு இடம் காலியாக இருந்தது. எனக்காக விட்டுவைத்திருக்கிறார்களே என்று மனசு குளிர்ந்துபோய், அதற்குள் நுழைந்துகொண்டேன்.

"ஒருவழியா பிடிச்சுட்டேன் வேலாயுதம்!" என்றேன்.

பதில் இல்லை. கலாய்க்கிறார்கள் என்று நினைத்தேன். பனியைப் பற்றி ஏதோ சொன்னேன், மீன் வறுவலைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தவறிப்போய் சோழவரத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேனா? அவர்கள்தான் மூச்சுமுட்ட மிதிப்பவர்கள், பேசமாட்டார்கள். ஆனால் இவர்கள் மாட்டுவண்டி வேகத்தில் போனார்கள். எனக்கு மூச்சே வாங்கவில்லை. ஓடாத கூட்டம் ஏன் பேசாமல் போகிறது? வேலாயுதத்தின் கணக்கில் இதற்கு விடை இல்லை.

சும்மா இருக்க முடியாமல் மணியை அடித்தேன்.

"பெல்லு வாணாம் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மெதுவான, பழக்கமில்லாத குரல். சங்கத்தில் என்னை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை.

அப்போதுதான் உறைத்தது. இவர்கள் நம் கூட்டம் இல்லை. பின்னுக்கு நழுவிவிடலாம் என்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவரும் குறைத்தார். முன்னால் போனவர்களும், திரும்பிப் பார்க்காமலே, குறைத்தார்கள். வேகமாக மிதித்தேன். எல்லாச் சைக்கிளும் சேர்ந்து வேகமெடுத்தன. அந்த இடத்தை விட்டு என்னால் நகரவே முடியவில்லை. இறங்கி நின்றுவிடலாம்தான். ஆனால் அந்தப் பனியில், வழி தெரியாத ரோட்டில், தனியாக நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரியாத பேயைவிடத் தெரிந்த திருடன் மேல் என்று கூடவே போனேன்.

ஆறரை மணி தாண்டிப் பொன்னேரி. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைத்தெருவில் டீக்கடைக்காரர் ஒருவர் எங்கள் மட்கார்டுச் சத்தம் கேட்டதும், நிமிர்ந்து எண்ணிப் பார்க்காமலே, பலகை மேல் ஐந்து கிளாஸை வரிசையாக வைத்தார். "அஞ்சு டீ!" என்று உள்ளே குரல் கொடுத்தார். யாரும் நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கையில் பாத்திரத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் வழியில் வந்து ஒட்டிக்கொண்டவன்தானே?

பொன்னேரிக்குக் கிழக்கே வயல்கள் முடிந்து சவுக்குத் தோப்புகள் வந்தன. காற்றில் உப்பும் சேறும் மணத்தன. வெளிச்சம் வந்ததே தவிர சூரியன் வரவில்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே வெள்ளை. பழவேற்காட்டுக்கு முன்னாலேயே ஒரு மண்பாதையில் வளைந்து, மீனவர் குப்பம் ஒன்றின் ஓரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். தலைத்துண்டை அவிழ்த்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். நானும் தள்ளினேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சிரித்துக்கொண்டே வந்தது.

"அஞ்சு வண்டியும் வருது, பேச்சு சத்தத்தக் காணோமே! இன்னாய்யா, தொண்டை கட்டிக்கிச்சா? இல்ல கோவமா?"

ஓடி வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். கையில் மாவு ஈரம். மற்ற சைக்கிள்களைப் பார்க்கக்கூட இல்லை. நேராக நாலாவது சைக்கிளுக்கு வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. பிறகு மற்ற நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். முன்னால் நின்ற ஆள், "பச்சையம்மா..." என்று சொல்லி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. குடிசைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஓலம் எழுந்தது. அவள் மட்டும் என் ஹேண்டில்பாரை விடவே இல்லை. இரண்டு பெண்கள் வந்து விரல்களைப் பிரித்து எடுத்தார்கள்.

மண்ணில் உட்கார்ந்த ஏழுமலைதான் பிறகு படகோரத்தில் என்னிடம் வந்து பேசினார். ஐந்து பேரும் பேட்டையில் கட்டட வேலை, அங்கேயே கொட்டகையில் தங்கல். ஞாயிறுதோறும் ஒன்றாக ஊருக்கு வருவார்கள். பச்சையம்மாவின் புருஷன் கன்னியப்பன் எப்போதும் நாலாவதாக வருவானாம். கிளம்பியதிலிருந்து குப்பம் வரும்வரை வாய் மூடமாட்டானாம். முந்தின இரவு கொட்டகையில் அவனைப் பாம்பு கடித்துவிட்டது. உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல? நீ யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"அவன் எடத்த வுட்டுட்டுதான் சார் வந்தோம். பழக்கம். நீங்க வந்து பூந்துக்கினீங்க. நாலு வண்டியா போய் பச்சையம்மா எதுருல நிக்கணுமேன்னு பேஜாரா இருந்திச்சு. நீங்க கூட வரசொல்லோ... கொஞ்ச நேரம் அவன் வர்ற மாரியே இருந்திச்சு. போன்னு சொல்ல வாய் வரல சார்."

அதற்கு மேல் அவரை என்ன கேட்பது? இழவு வீட்டில் 'வரேன்' என்று சொல்லிக் கிளம்பக் கூடாது என்பது எனக்கும் தெரியும். சொல்லாமல் கிளம்பினேன். ஹேண்டில்பாரில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க மனம் வரவில்லை.

பொன்னேரிக்குக் கொஞ்சம் முன்னால், மிச்சப் பனிக்குள் முதலில் குரல்கள் கேட்டன. யாரோ யாரையோ வம்புக்கு இழுத்தார்கள், யாரோ சினிமாப் பாட்டுப் பாடினார்கள். அதற்கப்புறம்தான் சைக்கிள்கள் தெரிந்தன. வேலாயுதம் கூட்டம்.

"எங்க போய்ட்டே அண்ணாத்தே! குளிருதேன்னு டீக்கடை உள்ளார உக்காந்துக்கினு உனுக்காகக் காத்துக்கினு இருந்தோம். வா, நாஷ்டா துன்னலாம்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா, மூச்சு வாங்குதா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. பேசத்தான் முடியவில்லை. ஏரிப் பக்கம் மறுபடி போக முடியாது என்பதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டு, தனியாகவே வீட்டுக்குத் திரும்பினேன்.

பதினோரு மணிக்குக் கும்மிடிப்பூண்டி. வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் தெருவின் முனையில் வந்தபோது கால் நின்றுவிட்டது. உள்ளே சரோஜா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. என் சைக்கிள் சத்தம் அவளுக்குத் தெரியும். சத்தம் வந்து, குரல் வராவிட்டால்?

தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் இல்லாத தெருவில் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். பனி, தச்சூர், செயின் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறிக்கொண்டே மிதித்தேன்.

அவள் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "யாராண்ட இப்டி கத்திக்கினு வரீங்க? ஊருக்கே கேக்குது."

"உங்கிட்டதான்" என்றேன்.

இப்போது பேட்டையும் மாறிவிட்டது, சங்கமும் இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்த முனை திரும்பும்போது எதையாவது பேசிக்கொண்டேதான் வருகிறேன். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று தெருவில் சொல்கிறார்கள். சரோஜா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. என் குரல் கேட்டதும் சோற்றை வடிக்கப் போய்விடுவாள்.