முஹ்ஸினின் மொரிஸ் மைனரும் சுந்தரலிங்கத்தின் வயிற்றெரிச்சலும்

கண்டி மஹியாவையில் மேடேறிப் போகிற அந்த ஒழுங்கையில் பதினேழு வீடுகள். சுந்தரலிங்கத்தின் கை படாத மின்விசிறியோ அயனோ தண்ணீர் மோட்டாரோ அந்தப் பதினேழு வீடுகளிலும் கிடையாது. இது அவரே சொல்லிக்கொண்டது. கொஞ்சம் கூட்டிச் சொன்னார் என்றாலும் பெரிய பொய் இல்லை.

மனிதர் பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் கார் வயரிங் செய்கிற ஒரு பாஸிடம் ஆறு வருடம் இருந்தார். பிறகு மாநகரசபையில் தெருவிளக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. இருபது வருடம் ஏணியில் ஏறினார். அதன்பின் மேற்பார்வையாளராகி, கீழே நின்று மற்றவர்களை ஏணியில் ஏற்றிவிட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அவருடைய சொந்த வேலை தொடங்கும். யார் வீட்டிலாவது ரேடியோ கரகரக்கும், யார் வீட்டிலாவது ரைஸ் குக்கர் சூடாகாது. டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் "சுந்தரம் மாத்தயா வந்தா எல்லாம் சரி" என்கிற ஒரு பேச்சுதான். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் மனிதர் உயிர் வாழ்ந்தார் என்றால் மிகையில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்கு முஹ்ஸின் குடிவந்தார். முப்பது வருடம் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால் இன்னொரு லொறி வந்தது. அதில் ஒரு பழைய மொரிஸ் மைனர். அடித்தட்டு அரித்து, ஆசனங்கள் கிழிந்து, முன் விளக்கு ஒன்று இல்லாமல் வந்து இறங்கியது.

"இத வச்சி என்ன செய்யப் போறீங்க நானா?" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சுந்தரலிங்கத்தின் மனைவி சீதா கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓட்டப் போறன் தங்கச்சி. பேங்க்ல இருக்கைல எல்லாம் இதான் கனவு. ஒரு வருசத்துல பாருங்க."

சுந்தரலிங்கம் உள்ளே உட்கார்ந்து சிரித்தார். பேனா பிடித்த கை, ஸ்பேனர் பிடிக்கப் போகிறதாம். ஒரு மாதத்தில் வாசலில் வந்து நிற்பான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

முஹ்ஸின் வரவில்லை. புத்தகம் வைத்துப் படித்தார், மகனுடைய கம்ப்யூட்டரில் கார் படங்களைத் தேடிப் பார்த்தார், தவறாகச் செய்தார், கழற்றித் திரும்பச் செய்தார். அடித்தட்டுக்குப் புதுத் தகடு வெட்டி ஒட்டவைத்தார். கிரில்லை ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்துப் பளபளக்க வைத்தார். ஆசனங்களுக்குச் சிவப்பு ரெக்ஸின். இளம்பச்சையில் பெயின்ட் அடித்த அன்று ஒழுங்கையே கேட்டில் நின்றது. மேல்வீட்டு வேலாயி, "அம்மாடி, கல்யாணக் காரு மாதிரியில்ல இருக்கு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

இதே வேலாயியின் வீட்டு மோட்டாரை ஐந்து தரம் ஓட வைத்தவர் சுந்தரலிங்கம். ஒரு தரமாவது அவள் கன்னத்தில் கை வைத்ததுண்டா?

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காரைப் பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு போவதை நிறுத்தினார்கள். வேலாயி ஒரு நாள் ரைஸ் குக்கரைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு சுந்தரலிங்கத்தின் வாசலைக் கடந்து போனாள். மறைத்தாலும் வயர் வெளியே தொங்கியது. அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் நடந்ததுதான் அவரைத் தூக்கிப் போட்டது. வேலைவிட்டு வந்து கை கழுவக் குசினிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நான்கு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த பைப்பு சொட்டவில்லை.

"இத யாரு செஞ்சது?"

"முஹ்ஸின் நானா. வாசர் தேஞ்சிருந்துச்சாம், மாத்திட்டாரு. பத்து நிமிசம்தான்" என்றாள் சீதா, வெங்காயம் அரிந்தபடி.

"என் வீட்டு பைப்ப அவன் தொடுறதா? நான் செத்தா போயிட்டேன்?"

"நாலு மாசமா சொன்னேன்ல? ஊருக்கெல்லாம் ஓடி ஓடிப் பூட்டுறீங்க. நம்ம வீட்டுக்கு எப்ப வர்றதா இருந்தீங்க?"

அன்று இரவு முழுக்க அந்தப் பைப்பைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். ஒரு சொட்டாவது விழட்டும் என்று அவர் மனம் வேண்டியது. விழவில்லை.

ஒரு மாதம் கழிந்தும் முஹ்ஸின் வாசலுக்கு வராததிலிருந்தே அவருக்கு மதில்தான் கதி, பைப்புக்குப் பிறகு அது இன்னும் கூடியது. மதில் ஓரம் நின்ற கறிவேப்பிலை மரத்தில் இலை பறிக்கிற சாக்கில் தினமும் அரை மணி நேரம் நிற்பார். சீதா ரசம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இலை வந்தது. மரம் பாதி மொட்டையானது. கண் மட்டும் மொரிஸ் மைனரின் மேலேயே இருந்தது. எங்கேயாவது கோணல் தெரியாதா, எங்கேயாவது ஒரு போல்ட் விட்டுப் போகாதா என்று தேடினார். முஹ்ஸின் அவரைக் காணும்போதெல்லாம் முகம் மலர்ந்து, "என்ன அண்ணன், சரிதானே?" என்பார்.

"ம்" என்பார் இவர்.

இது கேட்பதில் சேர்த்தியா? மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று போகிற போக்கில் கேட்பது ஒரு கேள்வியா? தன் வாசலுக்கு வந்து, "அண்ணன், எனக்கு இது விளங்கல்ல, வந்து பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிடமே போக சுந்தரலிங்கம் தயார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து மாதம் காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முஹ்ஸின் புதுப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மொரிஸ் மைனரின் முன்மூடியைத் திறந்தார். சுந்தரலிங்கம் கறிவேப்பிலை மரத்தடியில் நின்றார். முஹ்ஸின் பேட்டரியை உள்ளே இறக்கி, மைனஸ் முனையிலிருந்து வரும் தடித்த வயரைக் காரின் உடம்போடு சேர்த்துப் பூட்டினார்.

சுந்தரலிங்கத்தின் கை இலையில் நின்றது.

இப்போதைய கார்களில் அப்படித்தான் பூட்ட வேண்டும். அந்தக் காலத்து மொரிஸ் மைனருக்கு நேர்மாறு, பிளஸ் முனைதான் உடம்போடு சேர வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் முதல் மாதத்திலேயே பாஸ் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மாற்றிப் பூட்டினாலும் கார் கிளம்பும், விளக்கு எரியும், ஊர்ந்து போகிறவரை ஒன்றும் தெரியாது. வேகமெடுத்து டைனமோ மின்சாரம் கொடுக்கத் தொடங்கும்போதுதான் வினை.

முஹ்ஸின் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். சுந்தரலிங்கம் மரத்தின் பக்கம் திரும்பி ஓர் இணுக்கு ஒடித்தார்.

முஹ்ஸின் அடுத்த முனையையும் பூட்டினார்.

பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சுந்தரலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேட்டரி இறங்கும், கார் நடுரோட்டில் நிற்கும், தள்ளிக்கொண்டு வருவான். அப்போது தெரியும் வாசல் எது என்று. நினைக்க நினைக்க உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

கார் முதல் சாவியிலேயே கிளம்பியது. ஒழுங்கை கைதட்டியது. முஹ்ஸினின் மனைவி கைரியா எலுமிச்சம்பழம் போன்ற மஞ்சள் உடையில் வந்து முன்னால் ஏறினாள். கடுகண்ணாவையில் அவளுடைய தங்கை வீட்டுக்குத்தான் முதல் பயணம். சுந்தரலிங்கம் திரும்பிப் பார்த்தால், சீதா நல்ல சேலை கட்டி, கைப்பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க போற?"

"கைரியா கூப்பிட்டிச்சு. பின்னேரம் வந்துருவேன். சோறு மூடி வச்சிருக்கேன்."

"அண்ணனும் வாங்க!" என்று காருக்குள்ளிருந்து முஹ்ஸின் கத்தினார். எல்லோரையும் கூப்பிட்ட பிறகு வருகிற அழைப்பு. கடைசியில் நினைவு வந்து கூப்பிடுகிறானே என்று அவருக்குச் சுருக்கென்றது.

"எனக்கு வேலை இருக்கு" என்றார்.

சீதா பின் கதவைத் திறந்து ஏறினாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். நான்கு வார்த்தை போதும். வாய் வரை வந்தது. அதற்குள் வேலாயி எங்கிருந்தோ ஒரு பூச்சரத்தைக் கொண்டுவந்து காரின் மூக்கில் கட்டினாள், எல்லோரும் முஹ்ஸினைப் பார்த்துச் சிரித்தார்கள். சுந்தரலிங்கம் கறிவேப்பிலையோடு உள்ளே போய்விட்டார்.

முக்கால் மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் சீதா.

"பிலிமத்தலாவைகிட்ட நிக்கிறோம். காருக்குள்ள ஒரே புகை. எனக்குக் கதவத் தொறக்க வரலைங்க, கைரியாதான் இழுத்து எறக்கினா. நானா வயரப் புடுங்கப் போய் வெரலெல்லாம் வெந்து போச்சு. அவரு ஒங்களத்தான் வரச் சொல்றாரு."

சுந்தரலிங்கம் பதறிக்கொண்டே சாமான் பையை எடுத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், 'வரச் சொல்றாரு' என்ற சொல்லைக் கேட்டபோது, அந்தப் பதற்றத்துக்குள்ளும் மனதில் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அந்த மூலையை அவரே திட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

பிலிமத்தலாவையில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கார் நின்றது. முன்மூடியைச் சுற்றிப் பெயின்ட் கறுத்திருந்தது. அப்போதும் நாலு பேர் சுற்றி நின்று அதன் அழகைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கைரியா அழுதுகொண்டே கணவனின் விரல்களில் தண்ணீர் ஊற்றினாள். சீதா கடையின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சேலை ஓரத்தில் கரி.

"வாங்க அண்ணன், வாங்க!" முஹ்ஸின் எழுந்து வந்தார். "நல்ல வேள, ஒருத்தருக்கும் பெரிசா ஒண்டும் இல்ல. எங்க பிழச்செண்டுதான் விளங்கல்ல. பேட்டரிய பூட்டக்குள்ள எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திச்சு. நிமிந்து பாத்தா நீங்க நிக்கிறீங்க. பிழையா இருந்தா அண்ணன் சொல்லியிருப்பாரே, அந்தத் தைரியத்துலதான் பூட்டினன். கைரியா பயந்தா. நான் சொன்னன், பத்து மாசமா ஒவ்வொரு வேலையயும் சுந்தரண்ணன் மதில் பக்கம் நிண்டு பாத்தவரு, அவரு 'ம்' சொல்லாத ஒரு வேலையும் இந்தக் கார்ல இல்ல, துணிஞ்சி ஏறுங்க எண்டு."

சுந்தரலிங்கம் சாமான் பையைக் கீழே வைத்தார். பத்து மாதமாக அவன் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பூட்டிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் கேட்டிருக்கிறான்.

"நான் பாத்தேன்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "பேட்டரிய மாத்திப் பூட்டுனீங்க. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். தெரிஞ்சும் சொல்லல."

முஹ்ஸின் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா கைரியா? நான் செஞ்ச பிழைய இவரு தன்ட தலையில போட்டுக்கொள்றாரு. இப்படி ஒரு மனுசன் கிடைப்பாரா?"

"இல்ல நானா, மெய்யாவே..."

"போதும் அண்ணன், போதும். இத சரிப்படுத்தேலுமா பாருங்க."

அந்த நேரத்திலும் சுந்தரலிங்கத்துக்கு அவர் மேல் பொறாமைதான் வந்தது. வெந்த விரலோடு நின்று இன்னொருவனை இப்படி நம்ப ஒரு மனிதனால் எப்படி முடிகிறது? தன்னால் ஏலாது என்று அவருக்குத் தெரிந்தது.

காருக்குள் குனிந்தார். எரிந்த வயர்களை வெட்டி எறிந்தார், டைனமோவைப் பிரித்துவிட்டார், பேட்டரியைத் திருப்பி வைத்தார். பேட்டரியை மட்டும் வைத்து வீடு போய்ச் சேரலாம். வேலை சுத்தமாக நடந்தது. பக்கத்தில் சேலைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சீதா நின்றாள்.

"நான் ஏறும்போதே தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பொய் சொல்ல இடமிருந்தது. முஹ்ஸினே அதற்கு வழி திறந்து வைத்திருந்தார்.

"தெரியும்" என்றார் சுந்தரலிங்கம்.

அவள் சேலை ஓரத்துக் கரியைத் தட்டிவிட்டு விலகினாள். எஞ்சின் கிளம்பியது. கடைக்காரர்கள் கைதட்டினார்கள். இந்த முறை தட்டியது சுந்தரலிங்கத்துக்கு. முஹ்ஸின் முன் கதவைத் திறந்து பிடித்தார்.

"அண்ணன்தான் ஓட்டோணும், என்ட கை ஏலாது. ஏறுங்க தங்கச்சி, இனி என்ன பயம்? அண்ணன் கூட இருக்காரு."

"நீங்க போங்க நானா. நான் பஸ்ல வர்றேன்" என்றாள் சீதா.

கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, கண்டிப் பக்கம் போகும் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றாள். சுந்தரலிங்கம் ஓடுகிற எஞ்சினோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.