எல்லாரும் உள்ள வந்தாச்சா?

இருபது வயது வரைக்கும் நான் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. படமே பார்க்காத வீடு என்றால் அது வேறு கணக்கு. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை டிவியில் போடும் படத்தை வாராவாரம் பார்க்கிறவர்கள்தான். ஆனால் படம் தொடங்கும் நேரமும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்கும் நேரமும் ஒன்று. படமா, ஜெபமா என்று அப்பாவிடம் போய்க் கேட்க யாருக்குத் தைரியம்?

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ். அப்பா அங்கே ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு ஓர் அங்குலம்கூட மெட்ராஸ் பக்கம் நகரவில்லை. பொழுது சாயும்போது கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைப்பார். அப்புறம் வாசலில் நின்று கேட்பார்: "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவர், அம்மா, நான். நாங்கள் இரண்டு பேரும் அவர் கண் முன்னால் பாயில் உட்கார்ந்திருப்போம். இருந்தாலும் கேட்பார். நாங்களும் "வந்தாச்சு" என்போம். உடனே தாழ்ப்பாள் விழும். குவார்ட்டர்ஸில் கொடுத்த தாழ்ப்பாள் லொடலொடவென்று இருக்கிறது என்று அவரே இரும்பில் ஒன்று செய்து மாட்டியிருந்தார். அது விழுந்தால் 'டங்' என்று பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

பிறகு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஜெபம். அப்பாவின் ஜெபத்தில் ஃபோர்மேனிலிருந்து பிரதமர் வரை எல்லாருக்கும் இடம் உண்டு. ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வருவார்கள். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம், பக்கத்து வீட்டு டிவியில் டைட்டில் மியூசிக் ஓடிக்கொண்டிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கேட்பேன். குதிரை ஓடும், குழந்தை அழும், யாரோ ஒரு பெண் "ஐயோ" என்பாள். ஆமென் சொல்லி, எங்கள் டிவி சூடாகிப் படம் தெளிவதற்குள் கதாநாயகன் வளர்ந்து ஆளாகி யாரையோ பழிவாங்கக் கிளம்பியிருப்பான். ஏன் கிளம்பினான் என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "சும்மா பாரேன், போகப் போகப் புரியும்" என்பாள். ஒரு நாளும் புரிந்ததில்லை. அதனால் கேட்ட சத்தங்களை வைத்து ஆரம்பத்தை நானே கட்டிக்கொள்வேன். வேறு வழி?

கல்லூரி வேலப்பன்சாவடியில். காட்சித் தொடர்பியல் என்று, படம் எடுக்கவெல்லாம் சொல்லிக்கொடுக்கிற, அப்போதுதான் புதிதாக வந்திருந்த படிப்பு. அது ஏதோ கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்று நினைத்து அப்பா சேர்த்துவிட்டார், நானும் திருத்தவில்லை. கடைசி வருஷம் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு வார இறுதிக்குக் கேமரா. என் குழுவில் ஐந்து பையன்கள், நான் ஒருத்தி. அதே மாதம்தான் எனக்கு நிச்சயதார்த்தமும் நடந்திருந்தது. பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம், தூத்துக்குடி. மாப்பிள்ளை வீட்டில் சினிமா என்ற பேச்சே ஆகாது. ஆக, என் வாழ்நாளில் நான் எடுக்கக்கூடிய படம் இந்த ஒன்றுதான். இது போனால் போனதுதான்.

எங்கள் வாத்தியார் கொஞ்ச காலம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு வந்தவர். "முதல்ல என்ன வகைப் படம்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் அந்த வகையில பத்துப் படத்தோட ஆரம்பத்த மட்டும் பாருங்க. முதல் சீன் முடிஞ்சதும் நிறுத்திடணும்" என்றார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. படம் போட்டதும் கதவைப் பூட்டிவிடுவார். ஆரம்பத்தைத் தவறவிட்டவன் படத்தையே தவறவிட்டவன் என்பார். எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் நான் இதுவரை பார்த்தது எல்லாம் என்ன?

வகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே சண்டை வந்தது. பையன்களுக்குக் கொலைதான் வேண்டும். காதல் என்றால் கதாநாயகிக்கு எங்கே போவது, காமெடி என்றால் சிரிப்பு வராவிட்டால் மானம் போய்விடும். எங்கள் குழுவில் பூந்தமல்லிக்காரன் ஒருவன். அவன் வீட்டில் விசிஆர் இருந்ததால் அவன்தான் தலைவன் மாதிரி. "மர்டர்தான் மச்சான் கெத்து. நீ கண்டினியூட்டி பாத்துக்கோம்மா, பொண்ணுங்கோ அத கரீட்டா பண்ணுவாங்கோ" என்றான். ஷாட்டுக்கு ஷாட் சட்டையும் சாமானும் மாறாமல் குறித்துக்கொள்ளும் வேலை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேய்ப்படம் எடுப்போம்" என்றேன். ஏன் சொன்னேன்? எங்கள் வீட்டில் பேய் என்ற வார்த்தையே கூடாது. ஆகாததைத்தான் எடுக்க வேண்டும் போலிருந்தது. கடைசியில் வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கு ஓர் ஆரம்பம் யோசித்து வந்து சொல்வது, எது நன்றாக இருக்கிறதோ அதுதான் படம், சொன்னவர்தான் இயக்குநர்.

அந்த வாரம் பூந்தமல்லிக்காரன் வீட்டு முன்னறையில், மத்தியானத்தில், வாடகைக் கேசட்டுகளாகப் போட்டுப் பார்த்தோம். அவன் அம்மா முறுக்கு வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் படங்களின் ஆரம்பத்தைப் பார்த்தேன். அடக் கடவுளே, இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினேன்? அலாரம் அடிக்கிறது, ஒருவன் எழுந்து பல் தேய்க்கிறான். சூரியன் உதிக்கிறது, காக்கா கத்துகிறது. ரயிலிலிருந்து ஒரு ஜோடி ஷூ இறங்குகிறது, முகத்தைக் காட்ட மாட்டார்கள். பேய்ப்படம் என்றால் இடி, மழை, கிழட்டு வாட்ச்மேன். நான் பாயில் உட்கார்ந்து கட்டியவை இதைவிட எவ்வளவோ தேவலை.

ஆனால் இரண்டு மூன்று படங்கள் பிடித்து உட்காரவைத்தன. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அவை எதையும் காட்ட அவசரப்படவில்லை. ஏதோ ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் முதலில் விட்டன. பயம் காதில்தான் தொடங்குகிறது, கண் அப்புறம்தான் வந்து சேருகிறது. பையன்கள் வாத்தியார் பேச்சை மீறி முழுப் படமும் பார்த்தார்கள். நான் பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால் பஸ்ஸுக்கு ஓடினேன். அதுவரை தலையில்லாத படங்கள், இப்போது தலை மட்டும். முழுசாக ஒன்றைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆரம்பம் சொல்லும் நாள் வந்தது. ஒருவன் பிணத்தில் தொடங்கினான். ஒருவன் கத்தியில். பூந்தமல்லிக்காரன் ஷூவில். என் முறை வந்ததும் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னேன். "திரையில ஒண்ணும் இல்ல, கறுப்பு" என்றேன். வகுப்பு ஜன்னல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக அடைத்தேன். கதவருகே போய் நின்று அப்பா மாதிரி, அவசரமில்லாமல், அன்பாகவே கேட்டேன்: "எல்லாரும் உள்ள வந்தாச்சா?"  கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை ஓங்கிப் போட்டேன்.

ஒருவன் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான். பூந்தமல்லிக்காரன் கண்ணைத் திறந்து, "யம்மா, ஒடம்பெல்லாம் புல்லரிக்குது மாமே" என்றான். வாத்தியார் என்னைப் பார்த்து, "இது எங்க பிடிச்ச?" என்றார். "வீட்ல சார்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இயக்குநர் ஆகிவிட்டேன். வெள்ளானூரில் பாதி கட்டிய வீடு ஒன்றைப் பையன்கள் பிடித்துவிட்டார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நிச்சயம் ஆன பிள்ள, ஆம்பளப் பிள்ளையளோட ஊரு ஊரா அலையவா? நாளைக்கு அவுக காதுல விழுந்தா என்ன சொல்லுவாக?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டாலாவது நானும் திருப்பிப் போடலாம். "பிள்ளைக்குப் பரீட்சைங்க" என்றாள் அம்மா. "எழுதுற பரீட்சைன்னா நானே கொண்டுபோய் விடுதேன்" என்றார். சரி, கேமராவை இங்கே கொண்டுவரலாமா என்றால், குவார்ட்டர்ஸ் கேட்டிலேயே போர்டு இருக்கிறது, உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று. ராணுவ இடம். என்னால் வெளியே போக முடியாது, கேமராவால் உள்ளே வர முடியாது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம்தான் மிச்சம் இருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் மூளை வேலை செய்தது. என் ஆரம்பத்துக்குக் கேமரா எதற்கு? திரையில்தான் ஒன்றும் இல்லையே. வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட் ஒன்றை எடுத்து, மேல் விளிம்பின் ஓட்டையில் காகிதத்தை அடைத்தேன், அப்போதுதான் அதன் மேல் பதிவாகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிக்கார்டரை மேஜைத் துணிக்கு அடியில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல்கள் அடைந்தன. அப்பா கேட்டார். 'டங்'. சுவருக்கு அந்தப்பக்கம் டைட்டில் மியூசிக். நான் கண்ணை மூடி, கேசட் நின்றுவிடக் கூடாது என்று மனதார ஜெபித்தேன். அந்த வீட்டில் நான் உருக்கமாகச் செய்த ஜெபம் அதுதான்.

மறுநாள் கேசட்டைப் பூந்தமல்லிக்காரனிடம் கொடுத்து, நாங்கள் சொல்லும் 'வந்தாச்சு'வை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். அடுத்த சனி ஞாயிறு மற்றதை நான் சொல்லிக் கொடுத்தபடி அவன் எடுத்தான். நல்லவன், குறை சொல்லக் கூடாது. "ஆரம்பம் உன்னுதும்மா. அதுமேல கைய வெக்க மாட்டேன். சவுண்டு முடிஞ்சதும் உன் பேரு வர்ற மாதிரி போட்டுக்கீறேன்" என்றான்.

பெற்றோர்களையும் அழைத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திரையிடல் வைத்தார்கள். முதலில் எங்கள் படம். ஆச்சரியம், அப்பாவே "நானும் வாரேன்" என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கிளம்பும் நேரத்தில், "ஜெபத்த முடிச்சிட்டே போயிருவோம், வர நேரமாயிரும்லா" என்றார்.  "அப்பா, ஆரம்பம் போயிரும்" என்றேன். "செத்த நேரந்தானட்டி" என்றார். அன்றைக்கு ஃபோர்மேனை விட்டுவிட்டார், பிரதமரை விட்டுவிட்டார். என் படத்துக்காகவே ஜெபித்தார். பிள்ளையின் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும் என்று தொடங்கி, வாத்தியார், கூடப் படிக்கிறவர்கள், படம் ஓடப்போகும் மிஷின் வரைக்கும் வந்தார். நான் கண்ணைத் திறந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டிலேயே இருந்துகொண்டாள், நானும் அப்பாவும் கிளம்பினோம். கரையான்சாவடியில் பஸ் வேறு ஊர்ந்தது.

கருத்தரங்கக் கூடத்தின் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. நடையில் யாரும் இல்லை. நாங்கள் போய் நின்றதும் உள்ளே ஜன்னல் அடைபடும் சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் அந்தக் குரல், ஸ்பீக்கரில், வீட்டில் கேட்பதைவிடப் பெரிதாக:

"எல்லாரும் உள்ள வந்தாச்சா?"

அப்பா தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். 'டங்'. உள்ளே யாரோ வீலென்று கத்தினார்கள்.

"ஏட்டி, இது எஞ் சத்தம்லா?"

"ஆமாப்பா."

"என்ன படம் இது?"

"பேய்ப்படம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவையே பார்த்தார். "இப்ப உள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியாது. கறுப்பா இருக்கும். இப்ப என் பேரு வரும்."

அவர் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தார். இரும்பு அடித்த கை. "யாருய்யா உள்ள? கதவத் தொறங்க! எம் பிள்ள வெளிய நிக்கா! கதவத் தொறங்கய்யா!" உள்ளே கூச்சல் இரண்டு மடங்கானது. யாரோ "அம்மா" என்று அலறினார்கள். அவர் அறைந்துகொண்டே இருந்தார், குரல் உடைந்துபோயிற்று. ஒருவரும் திறக்கவில்லை. என் பெயர் உள்ளே வந்து, இருந்துவிட்டுப் போயிற்று.

படம் முடிந்துதான் கதவு திறந்தது. கைதட்டல் ஓயவில்லை. பூந்தமல்லிக்காரன் ஓடிவந்தான். "இன்னாம்மா நீ, எங்க இருந்தே? அந்தக் கதவத் தட்டிக்கினு ஒரு ஆளு கத்துவாரே, அத எப்போ சேத்தே? நெஞ்சே நின்னு போச்சு!" பின்னாலேயே வாத்தியார் வந்து, அந்தத் தட்டல்தான் ஆரம்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று என் அப்பாவிடமே சொன்னார். அப்பா சிவந்திருந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

 வீட்டில் அம்மா படம் எப்படி என்று கேட்டதற்கு, "நாங்க போறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டு" என்று மட்டும் அப்பா சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா ஜன்னல்களை அடைத்தார். நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், கேள்வியைக் கேட்கவில்லை. தாழ்ப்பாளை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, மறு கையால், சத்தமே வராமல் தள்ளிப் போட்டார். சுவருக்கு அந்தப்பக்கம் படம் ஆரம்பித்தது.