மனக்கணக்குப் பரிசு

எங்கள் வகுப்பில் மனக்கணக்கு நேரம் வந்தால் எல்லோரும் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மதாம், அதாவது எங்கள் பிரெஞ்சு ஆசிரியை, கணக்கைப் பிரெஞ்சில் இரண்டு தடவை சொல்வார். அதுவரை குச்சியைத் தொடக் கூடாது. பிறகு மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். விடையை மட்டும் எழுதுவோம். இன்னொரு தட்டுக்கு எல்லாச் சிலேட்டுகளும் ஒரே சமயத்தில் தலைக்கு மேலே எழும்பும். மதாம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கண்ணை ஓட்டிவிட்டு, சரியாக எழுதியவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அநேகமாக அந்தப் பார்வை எங்கள் பெஞ்சில் வந்துதான் நிற்கும்.

எங்கள் பெஞ்சு என்றால் நானும் என் சிநேகிதியும். நான் ஊருக்கு வடக்கே முத்தியால்பேட்டை. அப்பா பஞ்சாலையில் மேஸ்திரி. எங்கள் தெருவில் பெண்பிள்ளையைப் பத்து வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர் ஒருவர்தான். அதற்காக அம்மா வீட்டாரிடம் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. என் சிநேகிதி ஊருக்குத் தெற்கே உப்பளத்துக்காரி, கிறிஸ்தவப் பெண். அவளுடைய அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் குசினிக்காரர், சமையல் வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் என்பதால், பிரெஞ்சைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிடும். எனக்கு எழுதியிருந்தால் படிக்க வரும்; யாராவது வேகமாகப் பேசினால் பாதி நழுவிப் போகும்.

எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி அம்மாள் என்று முடியும். நடுவில் வருவதுதான் வேறு. தமிழ்க் காதுக்கு அந்த இரண்டு பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் வகுப்பு மதாமுக்கு எங்கள் பெயர்கள் எல்லாமே நீளம். முதல் எழுத்தையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை விட்டுவிடுவார். வகுப்பில் விரலை நீட்டித்தான் கூப்பிடுவார் என்பதால் அதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அந்த வருஷம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவருடைய புருஷனுக்கு சைகோனுக்கு மாற்றலாகிவிட்டது. மதிப்பெண்களையும் பரிசுக்குரியவர்களையும் எழுதித் தலைமை மதாமிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனார். மிச்ச நாட்களுக்குத் தலைமை மதாமே வந்து பாடம் எடுத்தார். அவர் இந்த ஊரிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரி. தமிழை வீட்டு வேலைக்காரர்களிடம் கற்றுக்கொண்டதால் யாரைப் பார்த்தாலும் வா, போ என்றுதான் பேசுவார். கோபத்திலா செல்லத்திலா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரிந்ததில்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் பரிசளிப்பு. முற்றத்தில் பந்தல் போட்டு மேடை கட்டிப் பிரெஞ்சு மூவர்ணத் துணி சுற்றியிருந்தார்கள். பாண்டு வாத்தியம் வந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் துரைகளும் துரைசானிகளும். பின்னால் பெஞ்சுகளில் எங்கள் வீட்டு மனிதர்கள். அப்பா ஆலையில் அரை நாள் விடுப்புக் கேட்டுவிட்டு, வெளுத்த கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். பரிசு என்றால் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். அதோடு பச்சைக் காகித இலைகளால் செய்த ஒரு கிரீடம். கிரீடத்தைத் தலையில் வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். அதுதான் வழக்கம்.

அரசாங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு துரை பெயர்களை வாசித்தார். மனக்கணக்கு என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பெயர் என் பெயராகவும் இருந்தது, அவள் பெயராகவும் இருந்தது, இரண்டுமில்லாததாகவும் இருந்தது. முதல் எழுத்து கேட்டது. நடுவில் ஒரு இருமல் மாதிரி ஏதோ. பிறகு அம்மாள்.

நான் எழுந்தேன். அவளும் எழுந்தாள். ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். துரை இன்னொரு தடவை வாசித்தார். திரும்பவும் இரண்டு பேரும் எழுந்தோம்.

"உன்னையாடி கூப்ட்டாங்க?" என்றாள்.

"தெரியலடி. உன்னையா?"

"தெரியல."

பின்னாலிருந்து யாரோ "போங்கடி, போங்க" என்று முதுகில் தள்ளிவிட்டார்கள். இரண்டு பேரும் மேடையேறினோம். துரை எங்களை மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். தலைமை மதாம் அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். துரை என்னவோ பதில் சொல்ல, முன்வரிசை முழுவதும் சிரித்தது. என்ன சொன்னார் என்று புரியாமலே நானும் சிரித்து வைத்தேன். துரை கிரீடத்தை எடுத்து அவள் தலையில் வைத்தார். புத்தகத்தை என் கையில் கொடுத்தார். பாண்டு வாசித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம்.

கீழே இறங்கியதும் எங்கள் இரண்டு அப்பாக்களும் முதல் தடவையாகச் சந்தித்துக்கொண்டார்கள்.

"எம் பொண்ணுக்குப் பரிசு" என்றார் அப்பா, புத்தகத்தைத் தட்டிக் காட்டி.

"எம் பொண்ணுக்குந்தாங்க. கிரீடமே வச்சிட்டாரே துரை" என்றார் அவள் அப்பா.

"கிரீடம் மரியாதைக்கு வைக்கறது. பரிசுன்னா புத்தகந்தானே?"

"அதெப்படிங்க? அப்ப முதல்ல வந்தவ யாரு?"

இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் தரையைப் பார்த்தோம். இரண்டு பேருமே மரியாதை தெரிந்த மனிதர்கள் என்பதால் கும்பிட்டுவிட்டு, அவர்கள் தெற்கேயும் நாங்கள் வடக்கேயுமாகப் பிரிந்தோம்.

வீடு வருவதற்குள் தன் மகள்தான் வகுப்பில் முதல் என்று அப்பா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அம்மா புத்தகத்தை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, "இத்தோட நிறுத்திக்கலாமில்ல? அதான் முதல்ல வந்துட்டாளே" என்றாள். படிப்பதற்காகக் கொடுத்த பரிசு படிப்பை நிறுத்துவதற்கு எப்படிக் காரணமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. நான்தான் முதலா என்பதும் விளங்கவில்லை. அவளுடைய வீட்டிலும் அதே கதைதான். கிரீடத்தை மாதா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்களாம்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றே இரண்டு பேரும் தலைமை மதாம் அறைக்குப் போனோம். யாருடைய பரிசு என்று கேட்டுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். நான் பின்னால் போனேன்.

"ஒரு பரிசுதான். ஒருத்திக்குத்தான்" என்றார் தலைமை மதாம். "அவ உங்க பேரை பாதி பாதியா எழுதி வச்சிட்டுப் போய்ட்டா. நான் இன்னா செய்யறது? எனக்கும் தெரியாது." பிறகு, "சிலேட்டு இருக்கா? நீ அந்த சன்னல் கிட்ட உக்காரு. நீ இங்க. இப்பப் பாத்துடலாம்" என்றார்.

முதல் கணக்கு பன்னிரண்டை ஐந்தால் பெருக்குவது. இரண்டு சிலேட்டிலும் அறுபது. அடுத்தது எழுபத்தைந்தை நாலால். பிரெஞ்சில் எழுபத்தைந்து என்பதை அறுபது, பதினைந்து என்று சேர்த்துச் சொல்வார்கள். நான் மனசில் இரண்டையும் கூட்டிக்கொண்டேன். எழுபத்தைந்து வந்தது. முந்நூறு என்று எழுதினேன். அவளும் எப்படியோ முந்நூறு எழுதிவிட்டாள். எனக்குத் தைரியம் வந்தது. பெரிய எண் வந்தால் காதில் விழுந்ததையெல்லாம் கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதானே?

மூன்றாவது தொண்ணூற்றேழை ஆறால் பெருக்க வேண்டும். பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்பது நாலு, இருபது, பத்து, ஏழு என்று வரும். நாலு இருபது என்றால் எண்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டினேன். நாற்பத்தொன்று. ஆறால் பெருக்கி இருநூற்று நாற்பத்தாறு என்று எழுதிச் சிலேட்டைத் தூக்கினேன்.

சன்னல் பக்கம் அவள் சிலேட்டில் ஐந்நூற்று நாற்பத்திரண்டு என்று இருந்தது. சரியான விடை ஐந்நூற்று எண்பத்திரண்டு.

தலைமை மதாம் இரண்டு சிலேட்டையும் வாங்கி மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். இன்னும் சில கணக்குகள் கொடுத்தார். ஒன்றும் தேறவில்லை. அவள் ஒவ்வொரு எண்ணையும் சரியாகக் காதில் வாங்கி, பெருக்கும்போது அடுத்த இடத்துக்கு ஏற வேண்டிய எண்ணை ஏற்ற மறந்துபோனாள். நான் பிசகாமல் பெருக்கினேன். பெருக்கிய எண்தான் வேறு.

"அப்ப வகுப்புல எப்பிடிடி எழுதின?" என்று என்னைக் கேட்டார்.

நான் யோசித்தேன். சத்தியமாக அந்த நிமிஷம் வரை நான் அதை யோசித்ததில்லை. மதாம் கணக்குச் சொன்னதும் பக்கத்தில் அவள் உதடு அசையும். தொண்ணூத்தேழு, ஆறு என்று தமிழில் முணுமுணுப்பாள். அது எனக்காகச் சொன்னதல்ல; அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். அதைக் கேட்டு என் வாயும் முணுமுணுக்கும், ஆறேழு நாப்பத்திரண்டு என்று தொடங்கி விடை வரைக்கும்; அது அவள் காதில் விழும். தட்டு விழுந்ததும் இரண்டு பேரும் எழுதுவோம். ஒருத்தி சிலேட்டை மற்றவள் பார்த்ததே கிடையாது. எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னேன். பாதியை அவள் சொன்னாள். தலைமை மதாம் முகத்தில் கோபத்தைத் தேடினேன், சிரிப்பையும் தேடினேன். இரண்டும் இல்லை. சிலேட்டுகளை அழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிலேர்ந்து தனித் தனியா உக்காருங்க. போங்க."

"புத்தகத்த குடுத்துடணுங்களா, மதாம்?" என்று கேட்டேன்.

"யார் கிட்ட குடுப்ப?" என்றார்.

வெளியே வந்தோம்.

சாயங்காலம் பெரிய வாய்க்கால் ஓரமாக நடந்தோம். "நாம திருடிட்டோமாடி?" என்று அவள் திடீரென்று கேட்டாள்.

"இல்லடி. நீ தமிழ்ல சொன்ன, நான் பெருக்கினேன்."

"அப்ப யாரு கெலிச்சது?"

"தெரியல."

"எங்கப்பா கிட்ட இன்னா சொல்றது?"

வாய்க்கால் பாலத்தடியில் அவள் திரும்பிப் போனாள்.

நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கணக்க நீதானே போட்ட?"

"நாந்தாம்ப்பா போட்டேன்."

"அப்புறம் இன்னா?"

"எண்ணு தெரியலப்பா. அவதான் சொன்னா."

அப்பா கையைத் தட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "எண்ணு தெரியாம எப்பிடிம்மா கணக்கு போட்ட?"

இன்னொரு தடவை விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே சிக்கலாகிக்கொண்டு வந்தது. அப்பா கடைசியில், "சரி, அந்தப் பொண்ணு கிட்ட எண்ணு கத்துக்க" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். அவருக்குப் புரிந்து சொன்னாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

வகுப்பில் என்னை முன்வரிசைக்கும் அவளைக் கதவோரத்துக்கும் மாற்றினார்கள். முதல் சில வாரங்கள் மனக்கணக்கு நேரம் எனக்கு நரகம். புதிதாக வந்த மதாம் எண்ணைச் சொல்வார். என் காது பக்கத்தில் ஒரு முணுமுணுப்புக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பாள். தட்டு விழும்போது என் சிலேட்டு வெறுமையாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் கதவோரத்தில் அவள் சிலேட்டில் ஏதோ எழுதியிருக்கும், தப்பாக. முன்பு எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் இப்போது எங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் விழித்தார்கள்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களின் வழக்கப்படி வியாழக்கிழமை வகுப்பு கிடையாது. அன்றைக்கு நான் உப்பளத்துக்கு நடப்பேன். அவள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அவள் பிரெஞ்சில் எண்களைச் சொல்வாள். நான் தமிழில் திருப்பிச் சொல்வேன். பிறகு நான் வாய்ப்பாடு கேட்பேன். எண்பதைத் தாண்டினால் எனக்குத் தடுமாறும். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால் அவளுக்குத் தடுமாறும்.

"நாலு இருபதுன்னா எம்பதுன்னு ஏண்டி சொல்றாங்க? எம்பதுன்னே சொன்னா இன்னா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"எனக்கு இன்னாடி தெரியும்? அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்தவர் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவரும் அதற்குக் காரணம் சொல்லவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மனக்கணக்கில் இருபதுக்கு அவள் பன்னிரண்டு வாங்கினாள், நான் பதினொன்று. பரீட்சையில் எங்கள் மதிப்பெண்கள் ஒரே மாதிரி இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. பரிசு கதவோரத்திலிருந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் கணக்கில் கெட்டிக்காரி என்று நாங்கள் கவனித்ததே இல்லை. அவள் தலையில் கிரீடமும் கையில் புத்தகமுமாக மேடையிலிருந்து இறங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பலமாகக் கை தட்டினோம்.

"பதினொண்ணு நல்ல மார்க்காடி?" என்று கேட்டேன்.

"எனக்குப் பன்னெண்டு நல்ல மார்க்குன்னா, உனக்குப் பதினொண்ணும் நல்ல மார்க்குதான்" என்றாள்.