பன்னிரண்டு வயசு கூடிப்போன ஏட்டம்மா

போலீஸ் வேலையில இருந்து ஓய்வு வாங்கி ஆறு வருஷமாச்சு. தெருவுல இன்னும் அவரு ஏட்டையாதான். உடுப்பைக் கழட்டினாரே ஒழிய சந்தேகத்தைக் கழட்டலை. பால்காரர் கொஞ்சம் லேட்டா வந்தா, "எந்த வழியா வந்தே?"ன்னு கேட்பாரு. அடுப்பு ரிப்பேருக்கு ஆள் வந்தா சமையல்கட்டு வாசல்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்குவாரு. அந்த ஆள் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் இவரு முகத்தைப் பார்த்துட்டுத்தான் திருகுவான். "நான் சமைக்கிறதை மட்டும்தான் இந்த மனுஷன் விசாரிக்காம முழுங்குறாரு"ன்னு அவரு சம்சாரம் ஏட்டம்மா சொல்லிக்குவாங்க.

அந்த ஏட்டம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. ஒருதரம் வலி வந்து தரையில உருண்டுட்டாங்க. "மறுபடி வர்றதுக்குள்ள எடுத்துடணும், வியாழக்கிழமை ஆபரேஷன்"னுட்டாரு டாக்டர். ஓய்வு வாங்கின போலீஸ்காரங்களுக்கும் அவங்க வீட்டுக்காரம்மாவுக்கும் இன்சூரன்ஸ் கார்டு உண்டு. அந்தத் தைரியத்துல திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தா, அடையாள அட்டையைப் பார்த்தா, ஏட்டம்மா முகத்தைப் பார்த்தா.

"இன்சூரன்ஸ் கார்டுப்படி இவங்களுக்கு எழுபத்தஞ்சு. அடையாள அட்டையில அறுபத்துமூணு. சார், இவங்க உங்க மனைவிதானா?"

"என்னம்மா கேள்வி இது!"

"பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து மனைவிங்கறவங்களும் இருக்காங்க சார்."

"எழுபத்தஞ்சா? எனக்கா?"ன்னு கொதிச்சுப்போய்த் திரும்பினாங்க ஏட்டம்மா. வீட்டுக்காரரு மேலே சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. லாக்கப்புல ஆயிரம் பேர் முழிச்சதை வேடிக்கை பார்த்த மனுஷன், அதே முழி முழிச்சாரு.

"என்னங்க பண்ணி வச்சீங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி இன்சூரன்ஸ் ஆபீஸ்னு சொல்லி ஒருத்தன் போன் பண்ணினான். உன் பிறந்த தேதியைக் கேட்டான். கார்டு குடுத்தவனுக்குத் தேதி தெரியாதா? ஸ்டேஷன்ல நாங்க வேணும்னே ஒண்ணைத் தப்பாச் சொல்லுவோம். விஷயம் தெரிஞ்சவன் திருத்துவான், தெரியாதவன் தலையாட்டுவான். அதான் பன்னிரண்டு வருஷம் முன்னாடி தள்ளிச் சொன்னேன். அவன் 'நன்றி சார்'னு வச்சுட்டான். ஃபிராடுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அவன் எழுதிக்கிட்டான். நீங்கதான் ஃபிராடு."

அங்கிருந்து நேரா இன்சூரன்ஸ் ஆபீஸ். அதிகாரி, "தனித்தனியா விசாரிக்கணும்"னாரு. அந்த வார்த்தையைக் கேட்டதும் ஏட்டையாவுக்கு வேர்த்துப்போச்சு. எத்தனை பேரை அப்படிப் பிரிச்சு உட்கார வச்சிருப்பாரு!

முதல்ல ஏட்டம்மா போய், அவரோட போலீஸ் பெல்ட் நம்பர், பிரஷர் மாத்திரை, முதுகுத் தழும்புன்னு ஒண்ணுவிடாம ஒப்பிச்சுட்டு வந்தாங்க. அடுத்து இவரு.

"மனைவி தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"வெள்ளையா... சின்னதா இருக்கும்."

"எதுக்கு?"

முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஓடிப்போன சைக்கிள் திருடனோட செருப்பு அளவு ஞாபகம் இருக்கு. இது தெரியலை.

அதிகாரி பேனாவை மூடினாரு. "வாடகைக்குக் கூட்டிட்டு வந்திருந்தா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பீங்க. நிஜப் புருஷன்தான். தப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, இன்னைக்கே திருத்திடுறேன்."

வெளியே பெஞ்சுல உட்கார்ந்து எழுதினாரு. ஏட்டம்மா எட்டிப் பார்த்தாங்க. 'ஞாபக மறதியால் தவறாகச் சொல்லிவிட்டேன்.'

"யாருக்கு மறதி? 'மறந்துட்டேன்'னு சொன்ன எவனையாவது நீங்க வீட்டுக்கு விட்டிருக்கீங்களா? அடிங்க அதை."

அடிச்சாரு. 'வேண்டுமென்றே பொய் சொன்னேன்'னு எழுதி, கையெழுத்துப் போட்டாரு. அடுத்தவன் வாக்குமூலத்தை எழுதி எழுதியே தேஞ்ச கை, சொந்த வாக்குமூலத்துக்கு ஒரு பக்கம் நகர அரைமணி நேரமாச்சு.

புதன்கிழமை காலையில போன் அடிச்சுது. "இன்சூரன்ஸ் ஆபீஸ். உங்க மனைவி பிறந்த தேதியைத் திருத்தியிருக்கோம், ஒருதரம் சரிபார்க்கணும் சார்." ரெண்டு மாசம் முன்னாடி கேட்ட அதே குரல். ஏட்டையா போனை ஏட்டம்மா கையில குடுத்துட்டாரு.

ஏட்டம்மா தேதியைச் சொன்னாங்க. "எழுதிட்டீங்களா? இப்ப எழுதினதைத் திருப்பிப் படிங்க தம்பி, கேட்கிறேன்."

அவன் படிச்சான். சரியா இருந்துச்சு. போனை வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் பையை அடுக்க உள்ளே போனாங்க. பின்னாடியே போன ஏட்டையா மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பார்த்தாரு.

"இது எதுக்கு?"

"தைராய்டுக்கு. பதினோரு வருஷமா. விசாரணை முடிஞ்சுதா?"