கிணற்றில் தள்ளாத சிநேகிதன்

1991-இல் நாங்கள் பென்னலூரில் இருந்தோம். என் வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதரும் ஒன்றாகக் கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் ஐந்தாவது வரை படித்தவள். அதனால் வாரப் பத்திரிகையில் வந்த பேய்த் தொடரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் படிக்க வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன், அவர்கள் வாசலில் இருந்து கேட்பார்கள்.

கதையில் ஒரு பாழடைந்த பங்களா. உயிருக்கு உயிரான இரண்டு நண்பர்கள். இருவருக்குமே ஒரே பெண்மேல் ஆசை.

எங்களுக்குள்ளும் ஒரு சங்கதி இருந்தது. என்னை முதலில் பெண் பார்க்க வந்தவர் அந்தச் சிநேகிதர்தான். துணைக்கு வந்தவர் என் வீட்டுக்காரர். ஜாதகம் சேரவில்லை என்று சிநேகிதரின் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஆறு மாதம் கழித்துத் துணைக்கு வந்தவரே என்னைக் கட்டிக்கொண்டார். அதைப் பற்றி மூவரும் ஒருநாளும் பேசியதில்லை. சிநேகிதருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. என்னால் இவர்கள் சிநேகம் கெட்டுவிடுமோ என்று தாலி ஏறிய நாளிலிருந்தே எனக்குப் பயம்.

ஒரு வாரம், ஒருவன் மற்றவனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றான் என்று அச்சாகியிருந்தது. அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. "கால் வழுக்கி விழுந்தான், மற்றவன் குதித்துத் தூக்கினான்" என்று படித்துவிட்டேன். அப்புறம்தான் வம்பு. புத்தகத்தில் செத்தவன் பேயாக வருகிறான், நான் அவனை உயிரோடு நடமாட விடவேண்டும். மூன்று வாரம் ஓட்டினேன்.

நாலாவது வாரம் சிநேகிதர் வரும்போதே கத்தினார்.

"இன்னா அண்ணி, டீக்கடையில அவன் செத்துப் பேயாயிட்டான்னு படிக்கிறாங்கோ. நம்ம வூட்ல மட்டும் சோறு துன்னுகினு கீறான்?"

வீட்டுக்காரர் சிரித்தார். "ஏம்மே மாத்துன?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டேன். அவர் சிரிப்பு நின்றது.

"எனுக்கோசரம் மாத்திகீறாங்கடா," என்றார் சிநேகிதர் மெதுவாக. "நான் உன்னத் தள்ளிடுவேன்னு பயம்."

"தள்ளேன்டா. தெனம் சாரத்துல என் பின்னாலதான நிக்கிற?"

"தள்ளிட்டு? உன் வேலையயும் நானா செய்யிறது?"

பிறகு இருப்பதை இருக்கிறபடி படிக்கச் சொன்னார்கள். படித்தேன். பேய் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை. தன்னைத் தள்ளிய சிநேகிதனின் கட்டிலருகே வந்து நின்று அவனையே பார்த்தது. இந்த மாதிரிக் கதைகளில் பெண் பேருக்குத்தான், இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் விடமுடியாமல் தவிப்பதுதான் கதை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது அண்ணி?"

பக்கம் முழுக்கத் தேடினேன். அவளுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

"'உங்கள் சண்டையில் என்னை இழுக்காதீர்கள்' என்கிறாள்."

"நெசமா அச்சுல கீதா?" என்றார் வீட்டுக்காரர்.

"கீது," என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறும் சிநேகிதர் வந்தார்.